நுங்கம்பாக்கமும் வியாசர்பாடியும் ஒரே சாசனத்தில் கைமாறிய ஊர்கள்... பிறகு என்ன ஆச்சு?

சென்னையில் மழை பெய்தால் செய்தியில் முதலில் வரும் பெயர் நுங்கம்பாக்கம். 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்' என்று வானிலை மையம் கணக்குச் சொல்லும். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வர ஆரம்பிக்கும். முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்ட வண்டி, பால் பாக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும் பெண்கள். அந்த வீடியோக்களில் அடிக்கடி வரும் பெயர் வியாசர்பாடி. மழையை அளப்பது ஓர் ஊரில், தண்ணீர் நிற்பது இன்னோர் ஊரில்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் பலருக்குத் தெரியாத ஒரு பொதுக்கதை உண்டு. 1708-ல் கிழக்கிந்திய கம்பெனியின் கைக்கு ஐந்து கிராமங்கள் சேர்ந்தாற்போல் வந்தன. திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். ஒரே சாசனம், ஒரே முதலாளி. அப்போது ஐந்துமே வயலும் தோப்புமாக இருந்த சாதாரண ஊர்கள்தான். இன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு சதுர அடி என்ன விலை, வியாசர்பாடியில் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். 'வீடு எங்கே?' என்று இன்டர்வியூவில் கேட்டால் வியாசர்பாடிப் பையன் 'பெரம்பூர் பக்கம் சார்' என்று சுற்றி வளைத்துச் சொல்வது ஏன் என்றும் யோசித்துப் பாருங்கள்.

இந்த வித்தியாசம் தானாக வந்ததில்லை. முந்நூறு வருடங்களில் யார் யாரோ எடுத்த முடிவுகளால் வந்தது. அதைக் கொஞ்சம் பின்னாலிருந்தே பார்ப்போம்.

வியாசரும் பாடியும்

ஊர்ப் பெயருக்கு மக்கள் சொல்லும் விளக்கம் எளிது. மகாபாரதம் தந்த வியாசர் இங்கே தங்கி சிவனை வழிபட்டார், அதனால் வியாசர்பாடி. இங்குள்ள இரவீஸ்வரர் கோயிலின் தலபுராணமும் இதையே சொல்கிறது. ரவி என்றால் சூரியன். சூரியன் வழிபட்ட தலம் என்பதால் சுவாமிக்கு அந்தப் பெயர். அம்பாள் மரகதாம்பாள். புராணத்தை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், 'பாடி' என்ற சொல் தமிழில் ரொம்பப் பழசு. ஆயர்கள் மாட்டுமந்தையோடு தங்கும் ஊரும் பாடி, படைகள் தங்கும் இடமும் பாடி. பக்கத்தில் இருக்கும் செம்பியம், சோழர்களின் 'செம்பியன்' என்ற பட்டத்தை நினைவூட்டுகிறது. பெரம்பூருக்குப் பிரம்பு, புளியந்தோப்புக்குப் புளி, எருக்கஞ்சேரிக்கு எருக்கு. பேரைக் கேட்டாலே அந்தக் காலத்து நிலம் கண்ணில் தெரிகிறது.

இந்தப் பகுதியின் பெரிய மையம் அப்போது திருவொற்றியூர்தான். தேவாரப் பாடல் பெற்ற தலம், சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் செய்துகொண்ட ஊர், பட்டினத்தார் அடங்கிய ஊர். அங்குள்ள தியாகராஜ சுவாமி கோயிலில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கோயில் விமானம் கல்லால் எடுத்துக் கட்டப்பட்டது. தொண்டை மண்டலத்தின் கோட்டங்களில் ஒன்றான புழற்கோட்டத்தில் இருந்த ஊர் இது. ஆக, 'மெட்ராஸ்' என்ற பெயர் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே வடசென்னையில் கோயிலும் சந்தையும் ஊர்ச்சபையும் இருந்தன. சென்னைக்கு வயசு 380 சொச்சம் என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் கொண்டாடுவது கோட்டைக்கும் அதை ஒட்டிய பட்டினத்துக்கும் மட்டும்தான் பொருந்தும்.

நவாப் கொடுத்தார், நவாபே பிடுங்கினார்

1639-ல் பிரான்சிஸ் டே கோட்டை கட்ட மணல் திட்டை வாங்கினார். கம்பெனி அங்கிருந்து மெல்ல மெல்ல ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போனது. முதலில் திருவல்லிக்கேணி. 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. அடுத்து, நாம் பேசும் ஐந்து கிராமங்கள்.

அப்போது கவர்னர் தாமஸ் பிட். இவர் ஒரு பெரிய வைரத்தை வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பி, கடைசியில் பிரான்ஸ் அரச குடும்பத்துக்கே விற்றவர். அந்தப் பணத்தில் வளர்ந்த குடும்பத்திலிருந்துதான் பிற்பாடு பிரிட்டனின் இரண்டு பிரதமர்கள் வந்தார்கள். எதிர்ப்பக்கம் முகலாயர்களின் பிரதிநிதியாக தாவூத் கான். 1702-ல் இதே தாவூத் கான் மெட்ராஸை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பணம் கறந்தவர். ஆறு வருஷம் கழித்து அவரிடமே நைச்சியமாகப் பேசி, பரிசுப் பொருட்களை அனுப்பி, பிட் ஐந்து கிராமங்களை வாங்கினார்.

ஆனால், விஷயம் அதோடு முடியவில்லை. 1711-ல் ஊர்களைத் திருப்பிக் கேட்டார்கள். கம்பெனி டெல்லிக்கே தூதுக்குழு அனுப்பியது. ஜான் சர்மன் தலைமையில் போன அந்தக் குழுவில் வில்லியம் ஹாமில்டன் என்று ஒரு டாக்டர். நோயில் கிடந்த பாதுஷா பரூக்சியருக்கு அவர் வைத்தியம் பார்த்தார். பாதுஷா பிழைத்தார். 1717-ல் கம்பெனிக்குச் சாதகமாக ஃபர்மான் வந்தது. வியாசர்பாடியும் மற்ற நான்கு ஊர்களும் மறுபடி கம்பெனி கணக்கில் ஏறின. ஊர்க்காரர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். கோட்டையிலிருந்து தள்ளியிருந்த இந்தக் கிராமங்களுக்காக எதற்கு இவ்வளவு மல்லுக்கட்டு? நில வரி ஒரு காரணம். பெரிய காரணம், துணி.

மெக்சிகோ வெள்ளி மெட்ராஸுக்கு வந்த கதை

கம்பெனி கடலோரத்தில் உட்கார்ந்ததே சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்காகத்தான். துணியை நெய்ய நெசவாளி, சாயம் போடச் சாயவேர், வெளுக்கத் தண்ணீரும் வெட்டவெளியும் வேண்டும். கோட்டைக்கு வடக்கே இதெல்லாம் இருந்தது. கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர் பக்கத்தில் நெசவாளர்களுக்காகக் கவர்னர் ஜோசப் காலெட் ஒரு குடியிருப்பை உருவாக்கினார். காலெட் பேட்டை என்ற அந்தப் பெயர் தமிழ் வாயில் உருண்டு புரண்டு இன்று காலடிப்பேட்டை.

இந்தத் துணி எங்கெல்லாம் போனது? லண்டனுக்குப் போனது, ஆப்பிரிக்காவுக்குப் போனது. அதிகம் பேசப்படாத ஒரு வழி, மெக்சிகோ. அன்றைக்கு மெக்சிகோவும் பிலிப்பைன்ஸும் ஸ்பெயின் வசம். மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்கு வெள்ளி ஏற்றிய பெரிய கப்பல்கள் வரும். ஆசியத் துணி, பட்டு, மசாலா ஏற்றிக்கொண்டு திரும்பும். மணிலாவில் ஆங்கிலேயர் நேரடியாக வியாபாரம் செய்யத் தடை. அதனால் ஆர்மீனியர், போர்த்துகீசியர் பெயரில் மெட்ராஸ் கப்பல்கள் அங்கே போயின. சாகடெகாஸ், குவானஹுவாடோ சுரங்கங்களில் வெட்டி, மெக்சிகோ நகர நாணயச்சாலையில் அச்சடித்த வெள்ளிக்காசு மணிலா வழியாக மெட்ராஸுக்கு வந்தது. இங்குள்ள நாணயச்சாலையில் உருக்கி உள்ளூர்க் காசாக மாற்றினார்கள். மணிலா வியாபாரத்தில் சம்பாதித்த ஆர்மீனியர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், 1726-ல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார். இன்று சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடம் அது. 1762-ல் கம்பெனி ஒரு படி மேலே போய், மெட்ராஸிலிருந்து கப்பற்படை அனுப்பி மணிலாவையே பிடித்துவிட்டது. இரண்டு வருஷம் கையில் வைத்திருந்தார்கள். அப்போது போன இந்தியச் சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் அவர்களின் வம்சத்தினர் இருக்கிறார்கள்.

வடசென்னையில் ஒருவர் கைவலிக்க வெளுத்த துணியின் விலை, பசிபிக்குக்கு அப்பால் ஒருவர் சுரங்கத்தில் வெட்டிய வெள்ளியாக வந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். இரண்டு பேர் கையிலும் அந்தக் காசு தங்கவில்லை.

சுவருக்கு உள்ளே, சுவருக்கு வெளியே

18-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் பாதை பிரிய ஆரம்பித்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள். பிறகு மைசூர் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் வாசல்வரை வந்துபோனது. பயந்துபோன கம்பெனி, கறுப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியது. சுவருக்கான செலவை மக்களிடம் வரியாக வசூலிக்கத் திட்டம் போட்டார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் வால்டாக்ஸ் ரோடு அதுதான். வியாசர்பாடி அந்தச் சுவருக்கு வெளியே கிடந்தது.

நுங்கம்பாக்கமும் சுவருக்கு வெளியேதான். ஆனால், கோட்டையின் தென்மேற்கே. பணக்கார வெள்ளையர்கள் கோட்டை நெரிசலிலிருந்து தப்பித்து அந்தப் பக்கம் போய்ப் பல ஏக்கரில் தோட்ட வீடு கட்டினார்கள். 1792-ல் அங்கே வானாய்வகம் வந்தது. நாம் முதலில் பார்த்த வானிலை மையம் அதன் வாரிசு. 1798-ல் கட்டிய டவ்டன் ஹவுஸ் இன்று மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது. வீடு வந்தது, சாலை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஆபீஸ் வந்தது.

வடக்கே என்ன வந்தது? முதலில் கால்வாய். பேசில் காக்ரேன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய காக்ரேன் கால்வாய் 1806-ல் தயாரானது. எண்ணூர் உப்பு, விறகு, ஆந்திரத்து நெல் எல்லாம் படகில் வந்தன. படகுகள் வந்து நின்ற நீர்த்துறைதான் 'பேசின்'. அதை ஒட்டிய பாலம் பேசின் பிரிட்ஜ். உப்பைக் கொட்டி வைத்த இடம் சால்ட் கொட்டார்ஸ். தமிழில் 'கொட்டாரம்', இங்கிலீஷில் 'சால்ட்', இரண்டும் சேர்ந்து ரயில்வே சரக்கு நிலையத்தின் பெயராகவே ஆகிவிட்டது. கால்வாயை வடக்கிலும் தெற்கிலும் நீட்டினார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியோடு நகரத்துக்கு வந்த மக்களை வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்கள் பெயர் எதுவும் எங்கும் இல்லை.

அடுத்து ரயில். 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்தப் பாதை வியாசர்பாடி நிலத்தின் ஊடாகத்தான் பெரம்பூர் பக்கம் போனது. பெரம்பூரில் ரயில்வே பட்டறையும் அதே காலத்தில் வந்தது. அதற்குப் பிறகு வடக்கே போகும் பாதை, சரக்குப் பாதை, யார்டு என்று வரிசையாகத் தண்டவாளங்கள். ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் மண்ணைக் கொட்டி மேடு கட்ட வேண்டும். ஊர் பள்ளமாகவே இருக்க, அதைச் சுற்றி மேடுகள் எழுந்தன. வியாசர்பாடிக்குள் நுழையவும் வெளியேறவும் சுரங்கப்பாதைதான் வழி என்ற நிலை இப்படித்தான் உருவானது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பின்னி மில் சங்கு

19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்வாசியில் பின்னி கம்பெனி பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு பெரிய துணி ஆலைகளைக் கட்டியது. ஊர் வாயில் பி அண்டு சி மில், பின்னி மில். பக்கத்தில் ரயில், கொஞ்ச தூரத்தில் துறைமுகம், கூலிக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆள். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி, ஓட்டேரி குடும்பங்களின் ஒரு நாள் மில் சங்கோடு தொடங்கி மில் சங்கோடு முடிந்தது. சுமார் 10,000 பேர் வேலை செய்தார்கள். பின்னியின் காக்கித் துணி ராணுவத்துக்குப் போனது.

உள்ளே நிலைமை மோசம். விடியலில் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். வெள்ளைக்கார மேஸ்திரிகளின் அடி, திட்டு. பெரம்பூரில் சின்ன வியாபாரிகளாக இருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் தொழிலாளர்களின் புலம்பலைத் தினமும் கேட்டவர்கள். அவர்கள் அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி.வாடியாவைப் போய்ப் பார்த்தார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். வாடியா தலைவர். திரு.வி.க. அதன் குரல். இன்று பக்கத்தில் இருக்கும் 'திரு.வி.க. நகர்' அவர் பெயரில் அமைந்த பகுதி.

பின்னி நிர்வாகம் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. ஐகோர்ட்டில் தடை வாங்கியது, நஷ்ட ஈடும் கேட்டது. தொழிலாளிக்கு நியாயம் கேட்டால் குற்றம் என்ற அந்த நிலையை மாற்றத்தான் நாடு முழுக்கக் கோரிக்கை எழுந்து, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று எச்.ஆரிடம் சம்பள ஸ்லிப் கேட்டு மெயில் போடுகிறவர்களுக்கும் இந்தக் கதையில் கொஞ்சம் பங்கு உண்டு.

இதுவரை கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த பகுதியை வடசென்னைப் பெருமை பேசுகிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1921-ல் மில்லில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். கையிருப்பு எதுவும் இல்லாதவர்களுக்கு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் என்பது பட்டினி. போராட்டம் அவர்களைக் கேட்டு நடந்ததா என்ற கேள்வியும் இருந்தது. எம்.சி.ராஜா போன்ற தலைவர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். நிர்வாகமும் அரசாங்கமும் இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடந்த சண்டை, சாதி இந்துக்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்குமான மோதலாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. உயிர்கள் போயின. அந்த வேலைநிறுத்தம் தோற்றது. இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் பிறந்து மூன்றே வருஷத்தில், வடசென்னையின் தெருக்கள் சாதியால் பிரிந்து நின்றன. அந்தக் கோடுகள் முழுசாக அழிந்துவிட்டன என்று இன்றும் சொல்ல முடியாது.

ஆனாலும், தொழிலாளர் அரசியல் இங்கே வேர்விட்டது. 1923 மே 1-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டையிலிருந்து கம்யூனிஸ்ட் ஜீவானந்தம் சட்டமன்றத்துக்குப் போனார். வியாசர்பாடி ரயில் நிலையத்தின் பெயர் 'வியாசர்பாடி ஜீவா' என்று இருப்பது அவர் நினைவாக. தினமும் அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பலர் ஜீவா என்பதை ஏதோ பக்கத்துத் தெருவின் பெயர் என்று நினைத்திருக்கலாம். பெரம்பூர் தொகுதியிலிருந்து சத்தியவாணி முத்து ஜெயித்தார். தி.மு.க. அமைச்சரவையில் இருந்தார், பிறகு மத்திய அமைச்சராகவும் ஆனார்.

பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே கேட்டுக்குள் போன குடும்பங்கள் இருந்தன. நான்காவது தலைமுறைக்கு அந்த கேட் இல்லை. மில் இருந்த நிலத்தில் இன்று உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகள்.

பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள்

1962-ல் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள், வங்கிகள் தேசியமயமாயின. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். அரசுக் கணக்கில் சுமார் 1.44 லட்சம் பேர் தமிழகம் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வியாசர்பாடி வட்டாரத்தில் இடம் கிடைத்தது. பர்மாவில் கும்பிட்ட பீலிக்கான் முனீஸ்வரருக்கு இங்கே கோயில் கட்டினார்கள். கூடவே அத்தோ வந்தது, மொய்ங்கா வந்தது. பாரிமுனை பக்கம் அத்தோ சாப்பிட்டு ரீல்ஸ் போடுகிறவர்கள், அந்த நூடுல்ஸுக்குள் ஓர் அகதிக் கப்பல் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் வடக்கே தொழிற்சாலைகள் வரிசை கட்டின. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையம். பெரம்பூர் பக்கம் 1955-ல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். வேலைக்கு ஆட்கள் குவிந்தார்கள். வேலை கொடுத்தவர்கள் வீடு கொடுக்கவில்லை. கால்வாய்க் கரையிலும் தண்டவாள ஓரத்திலும் குடிசைகள் பெருகின. கோடை வந்தால் தீ, மழை வந்தால் வெள்ளம்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. எரியாத கூரை என்ற ஒரே காரணத்துக்காகவே அது பெரிய மாற்றம். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே மாடி வீடு என்பது அன்றைய அணுகுமுறை. வேலையும் பள்ளிக்கூடமும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. ஆனால், வீடுகள் சின்னவை, குடும்பங்கள் வளர்ந்தன, பராமரிப்பு கைவிடப்பட்டது. 2000-க்குப் பிறகு வாரியத்தின் போக்கே மாறியது. நீர்நிலை ஓரத்தில் இருந்தவர்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரின் வேறு மூலைக்கு அனுப்பினார்கள். வாரியத்தின் பெயரும் 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஊர் ஜனங்களுக்கு அது இன்னும் 'ஹவுசிங் போர்டு'தான்.

2014-ல் வந்த பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' இந்தக் குடியிருப்பைத்தான் திரைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு வடசென்னை என்றால் சினிமாவில் அரிவாள், லுங்கி, கரகர குரல். அந்தப் படத்தில் ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பையன் வந்தான், ஃபுட்பால் வந்தது. ஃபுட்பால் கற்பனை இல்லை. ரயில்வே, மில் அணிகள் ஆடிய காலத்திலிருந்தே இந்தப் பகுதியில் அந்தப் பைத்தியம் உண்டு. வியாசர்பாடியில் 1997-லிருந்து குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பையும் ஃபுட்பாலையும் சேர்த்துச் சொல்லித்தரும் அமைப்பு ஒன்று இயங்குகிறது. சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய தன்பால் கணேஷ் இந்த மண்ணிலிருந்து வந்தவர்.

சரி, தண்ணீர் ஏன் வடிய மாட்டேங்குது?

இப்போது அந்தத் தண்டவாள மேடுகளுக்குத் திரும்புவோம்.

வியாசர்பாடியின் தண்ணீர் வடிய முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, ஓட்டேரி நல்லா. பாடி, வில்லிவாக்கம் பக்கம் தொடங்கி அண்ணா நகர், புரசைவாக்கம் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. இன்னொன்று, கேப்டன் காட்டன் கால்வாய். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்துத் தண்ணீரைக் கொண்டுபோய் அதே பக்கிங்ஹாம் கால்வாயில் விடுகிறது. இரண்டும் கடைசியில் சேருவது ஒரே இடத்தில். அந்தக் கால்வாய் படகு போவதற்காக வெட்டியது. படகு மிதக்கத் தண்ணீர் அசையாமல் நின்றால் போதும். சரிவு தேவையில்லை. அதனால் வெள்ளத்தை வேகமாகக் கடத்தும் வேலைக்கு அது ஆரம்பத்திலிருந்தே லாயக்கில்லை. போதாததற்குச் சாக்கடை, குப்பை, மண் மேடு. வடக்கே போய் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் சுருங்கிக் கிடக்கிறது. கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் மழை பெய்தால் தண்ணீர் திரும்பி நம்மைப் பார்க்கும்.

ஊர் மட்டம் தாழ்வு, சுற்றிலும் தண்டவாள மேடு, வெளியேறும் கால்வாய் படகுக்கால்வாய், கடைவாய் அடைப்பு. இதெல்லாம் சேர்ந்தால் மழை நின்று நாள்கணக்கில் தண்ணீர் நிற்காமல் வேறென்ன செய்யும்? 'ஏரியா ஜனம் குப்பை போடுறாங்க' என்று சுலபமாகப் பழி போடுகிறவர்கள் அண்ணா நகரின் மழைநீரும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

2015, 2021, 2023 என்று மூன்று பெரிய வெள்ளங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது, கரன்ட் இல்லை, பால் இல்லை. அதே வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை படிந்தது. எண்ணூர் மீனவர்களின் படகும் வலையும் கறுப்பாயின.

வேலைகள் நடக்காமல் இல்லை. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டம் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு மழைக்கும் மூடப்படும் கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு மாற்றாக மேம்பாலம் கட்டும் பணியை மாநகராட்சி தொடங்கியது. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை மூலக்கடை, பெரம்பூர் வழியாகப் போகிறது. வியாசர்பாடி அதற்குப் பக்கவாட்டில் இருக்கிறது.

இன்னும் தீராதது கொடுங்கையூர். நகரத்தின் இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று, வியாசர்பாடிக்கு அடுத்த வீடு மாதிரி இருக்கிறது. பழைய குப்பையைப் பிரித்து எடுக்கும் பயோமைனிங் வேலை போய்க்கொண்டிருக்கும்போதே, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை அங்கேயே கொண்டுவரும் திட்டம் வந்தது. பகுதி மக்கள் எதிர்க்கிறார்கள். அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, சாக்கடை, குப்பை எல்லாவற்றையும் வடக்கே கொண்டுவந்து வைத்த பிறகு புகையையும் எங்களுக்கே தரவேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. அதிகாரிகள் தொழில்நுட்பம் பாதுகாப்பானது என்கிறார்கள். அவ்வளவு பாதுகாப்பானது என்றால், 1708 பட்டியலில் இருந்த ஐந்து ஊர்களில் நுங்கம்பாக்கத்தின் பெயர் இந்தத் திட்டத்துக்கு ஏன் ஒருமுறைகூட பரிசீலனைக்கு வரவில்லை என்று யாராவது அவர்களிடம் கேட்கலாம்.